காப்பு அறுத்ததும் கிளம்பிருவோம்

உக்காருங்க தம்பி, எதுக்கு நின்னுக்கிட்டே இருக்கீங்க. நாற்காலி கெடக்குல்ல, இழுத்துப் போடுங்க. கார் எங்கயும் ஓடிராது, சாவிதான் எங்கிட்ட இருக்கே. அட, உங்க மேல நம்பிக்கை இல்லாம வாங்கி வைக்கல. உள்ள என் தம்பி பொண்டாட்டி இருக்கா பாருங்க, பஞ்சவர்ணம், அவ லேசுப்பட்டவ இல்ல. கால்ல விழுந்து, கண்ணைக் கசக்கி, உங்களைக் கரைச்சு வண்டியைக் கெளப்ப வெச்சுருவா. நீங்க வெளியூர்க்காரர், உங்களுக்கு எரக்கம் வரும். அப்புறம் ஊருக்குப் பதில் சொல்லப்போறது யாரு? இந்தக் கோட்டைச்சாமி, நான்தான சொல்லணும். அதான் சாவி என் சட்டைப் பையில கெடக்கட்டும்னு வெச்சிருக்கேன்.

கொட்டுச் சத்தம் கேக்குதா? கரகம் இப்பத்தான் மேலத்தெருவுல வருது. இன்னும் கீழத்தெரு சுத்தணும், அப்புறம் கிணத்தடி. கரகத்தைத் தண்ணியில விட்டுட்டா திருவிழா முடிஞ்சுச்சு. பூசாரி நேரா இந்த வாசலுக்கு வந்து என் தம்பி தவசி கையில கட்டியிருக்கிற காப்பை அறுத்துவிடுவாரு. அறுத்த அந்த நிமிசமே அவனைப் பின் சீட்டுல தூக்கி வெச்சு, நீங்க ஒரு அழுத்து அழுத்துனீங்கன்னா டவுன் ஆஸ்பத்திரி கால் மணி நேரம். நான் ஒண்ணும் ஈரமில்லாதவன் இல்ல தம்பி. மத்தியானமே உங்களை வரச்சொல்லி நிறுத்தி வெச்சிருக்கேன்ல. கூடப்பொறந்தவன் மேல அக்கறை இல்லாதவன் இதைச் செய்வானா, நீங்களே சொல்லுங்க.

உள்ள கேக்குதே, அதுவா? அது அவன் மூச்சு விடுற சத்தம். பயந்துக்காதீங்க. காலையிலருந்தே அப்படித்தான் கர்ரு கர்ருன்னு இழுக்குது, தண்ணி இல்லாத போர்ல பம்பு ஓடுற மாதிரி. படுக்க முடியல. முன்னாடி குனிஞ்சு உக்காந்துக்கிட்டே இருக்கான். தாடைக்குக் கீழ வீங்கி, கழுத்து முழுசும் எறங்கிப்போச்சு. எல்லாம் இந்தப் பல்லு விசயத்துல ஆரம்பிச்சதுதான்.

பல்லு நான் வாங்கிக் குடுத்தது. அதைச் சொல்றதுல எனக்கென்ன வெக்கம்?

எங்க குடும்பத்துக்கு இந்தக் கோயில்ல ஒரு உரிமை இருக்கு தம்பி. சாமியாடி உரிமை. ஆத்தா எறங்குறதுன்னா எங்க வீட்டு ஆம்பளை மேலதான் எறங்குவா. எங்க தாத்தா மேல எறங்குனா, எங்கப்பா மேல எறங்குனா, அப்புறம் தவசி மேல எறங்கிட்டா. மூத்தவன் நான் இருக்கத்தான் செய்யிறேன். ஆனா அவன் மேல எறங்கிட்டா. அதுல எனக்கு வருத்தமெல்லாம் ஒண்ணும் கெடையாது. இல்லைன்னா இல்ல. ஆத்தா இஷ்டம், நாம என்ன கேக்க முடியும்?

சாமியாடி ஆடி முடிச்சதும் ஊருக்குக் குறி சொல்லணும். மழை உண்டா, நோவு வருமா, ஊர்ல என்ன குத்தம் நடந்திருக்குன்னு மைக்கைப் புடிச்சுச் சொல்லணும். நம்ம தவசிக்குச் சர்க்கரை. ரொம்ப வருசமா சர்க்கரை. மேல்பல்லு பூராவும் போயிருச்சு. கீழ ரெண்டு ஆடுற பல்லு, மிச்சமெல்லாம் ஒடிஞ்ச வேரு. போன வருசம் குறி சொல்ல மைக்கைப் புடிச்சான் பாருங்க, வெறும் காத்துத்தான் வந்துச்சு. எளவட்டப் பயலுக சிரிச்சுட்டானுக தம்பி. ஆத்தா சன்னதியில நின்னு சிரிச்சுட்டானுக. சிரிச்சதோட விட்டானுகளா? வீடியோ புடிச்சு, ஒரு பாட்டைப் போட்டு, வாட்ஸப்ல விட்டுட்டானுக.

எங்க பங்காளி ஒருத்தன், சிவனாண்டின்னு பேரு. அந்தா டீக்கடைப் பக்கம் வெள்ளை வேட்டியில நிக்கிறான் பாருங்க, அவன்தான். அவன் ஊர்க்கூட்டத்துல எந்திரிச்சுக் கேக்குறான், "பொக்கை வாயிலயா ஆத்தா பேசுவா? எங்க வீட்டுலயும் ஆள் இருக்குப்பா"ன்னு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? ரத்தம் கொதிச்சுப்போச்சு. எங்கப்பா ஆடுன எடம் தம்பி அது. அதை இந்தச் சிவனாண்டிப் பயலுக்கு விட்டுக் குடுக்குறதுக்கா நான் இருக்கேன்?

சும்மா சொல்லக்கூடாது, மொதல்ல டாக்டர்கிட்டதான் கூட்டிட்டுப் போனேன். டவுன்ல ஒரு பல் டாக்டரம்மா. அது வாயைப் பாத்துட்டு, சர்க்கரையைக் கொறைங்க, வேரையெல்லாம் எடுக்கணும், எடுத்த புண்ணு ஆறணும், அப்புறம் அளவெடுக்கணும், வெச்சுப் பாத்துத் திருத்தணும், ரெண்டு மூணு மாசம் ஆகும்னுச்சு. "ஏம்மா, நான் மோட்டாருக்குக் காயில் கட்டுற ஆளு. எரிஞ்சுபோன பத்து ஹெச்.பி. மோட்டாரையே ரெண்டு நாள்ல ஓட விட்டுருவேன். ஒரு செட்டுப் பல்லுக்கு மூணு மாசமா?"ன்னு கேட்டேன். அந்தம்மா சிரிச்சுக்கிட்டே, "மோட்டாருக்கு வலிக்காதுங்களே ஐயா"ன்னுச்சு. படிச்சவங்களுக்கு எல்லாத்தையும் பெருசாக்குறதே வேலை.

அப்புறம்தான் போன்ல தேடுனேன். பல்லுன்னு ஒரே ஒரு தடவைதான் தேடுனேன், அதுக்கப்புறம் அதுவே காட்டிக்கிட்டு இருக்கு. ஒரு வெள்ளைக்காரரு, நம்ம வயசுதான் இருக்கும், அடுப்படியில நிக்கிறாரு. மணி மணியா ஒரு பிளாஸ்டிக்கு. வெந்நியில போட்டா மாவாட்டம் ஆயிருது. அதைப் பல்லு செட்டுக்குள்ள வெச்சு அப்பி, வாயில வெச்சு ஒரு கடி. அவ்வளவுதான். சிரிக்கிறாரு. ஒரு ஆப்பிளை எடுத்து நறுக்குன்னு கடிக்கிறாரு. நாலரை ஸ்டாரு குடுத்திருக்காங்க தம்பி! எங்க வீட்டு மிக்சிக்கே மூணு ஸ்டாருதான். டாக்டரம்மா சொன்ன துட்டுல பத்துல ஒரு பங்குகூட இல்ல. உடனே போட்டுட்டேன்.

பார்சல் வந்துச்சு. சின்ன டப்பா, உள்ள சீனாக்காரன் எழுத்துல ஒரு சீட்டு. அதைப் படிக்கவா முடியும், தூக்கிப் போட்டுட்டேன். வீடியோதான் பாத்தாச்சே. பல்லு வெள்ளை வெளேர்னு இருக்கு. பஞ்சவர்ணம் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "ஏன் மாமா, இது யாரு வாய்க்கு அளவெடுத்த பல்லு?"ன்னு கேக்குறா. "எல்லா வாயும் ஒண்ணுதான் தாயி, பேசாம இரு"ன்னேன். அவளுக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு நொட்டை.

என் பட்டறையில வெச்சுத்தான் வேலை பாத்தேன். மணியை வெந்நியில போட்டு, பெசைஞ்சு, அப்பி, "கடிடா"ன்னேன். லேசாச் சுட்டுச்சுபோல, துள்ளுனான். ஓரமெல்லாம் நீட்டிக்கிட்டு இருந்துச்சு, அரத்தை வெச்சு ராவுனேன், உப்புத்தாள் போட்டேன். கீழ்ப்பல்லு அந்த வேருக மேல உக்கார மாட்டேன்னுச்சு, அதையும் கொடைஞ்சு கொடைஞ்சு உக்கார வெச்சேன். பல்லும் ஒரு பார்ட்ஸ்தானே தம்பி. வேலை முடிச்சு, தவசியைக் கண்ணாடி முன்னாடி நிறுத்துனேன். சிரிச்சான். ஆத்தா சத்தியமாச் சொல்றேன், எங்கப்பா மொகம் அப்படியே வந்துருச்சு. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. அவனும் அழுதான். வலியில அழுதானா சந்தோசத்துல அழுதானான்னு நான் கேட்டுக்கல.

ஆனா பேசுனா கழண்டுச்சு. கோயில் கமிட்டிக்காரங்க வந்திருந்தப்போ பொங்கச் சோத்துக்குள்ளயே விழுந்துருச்சு, மானம் போச்சு. கீழ்ப்பல்லு குத்திப் புண்ணாயிருச்சுன்னு வேற சொல்லிக்கிட்டு இருந்தான். "அண்ணே, கழட்டி வெச்சுரட்டா? திருவிழாவுக்கு மட்டும் மாட்டிக்கிறேன்"னான். புதுச் செருப்புப் போட்டா கடிக்கத்தான் செய்யும், நாலு நாள் நடந்தாப் பழகிரும்னு சொன்னேன். தப்பா சொன்னேன்? யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாங்க.

இப்ப ஒண்ணு சொல்றேன், உங்களுக்குள்ளயே இருக்கட்டும். நீங்க வெளியூரு, இன்னைக்குப் போனா இனி வரப்போறதில்ல, அதனால சொல்றேன். பஞ்சவர்ணத்துக்கே இது தெரியாது. காப்புக் கட்டுறதுக்கு மொத நாள் அவனைப் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போயி ஒட்டிவிட்டுட்டேன். ஆமா, பசை வெச்சுத்தான். தண்ணிக்குள்ள போடுற மோட்டார்ல மூடி விரிசல் விட்டா ரெண்டு ட்யூப் கலந்து வைப்போம்ல, அந்தப் பசை. கறுப்பு ஒரு பங்கு, வெள்ளை ஒரு பங்கு. கெணத்துத் தண்ணிக்குள்ள வருசக் கணக்காக் கெடக்கிற மோட்டாருக்கே தாங்குது, ஒரு மனுசன் எச்சிலுக்குத் தாங்காதா? மேல, கீழ ரெண்டு செட்டுலயும் தடவி, கொஞ்சம் எறுக விட்டு, ஈறைத் துணியால தொடைச்சு, வெச்சு அமுக்கிப் புடிச்சேன். "எரியுதுண்ணே, எரியுதுண்ணே"ன்னான். பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கடான்னு சொல்லிட்டு எனக்கே சிரிப்பு வந்துருச்சு. அதுக்கப்புறம் நீங்க ஆட்டிப் பாருங்க, அசையாது. தொழில் அப்படி.

கழட்ட என்ன வழி வெச்சிருந்தேன்னு கேக்குறீங்களா? திருவிழா முடியட்டும், பாத்துக்கலாம்னு இருந்தேன்.

தாகமா இருக்கா? பின்பக்கம் குழாய் இருக்கு, வீட்டைச் சுத்திப் போங்க. சீக்கிரம் வாங்க.

என்ன தம்பி, தண்ணி குடிக்க இவ்வளவு நேரமா? பஞ்சவர்ணம் புடிச்சுக்கிட்டாளா? எனக்குத் தெரியும். அழுதிருப்பாளே. காதுல வாங்காதீங்க, பொம்பளைக அப்படித்தான். உக்காருங்க. எதுல விட்டேன்?

ஆங், காப்பு. உங்க பக்கம் காப்புக் கட்டுற பழக்கம் உண்டா? மஞ்சக் கயித்துல வேப்பிலை முடிஞ்சு கையில கட்டுவாங்க. கட்டிட்டா ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. அதோ வாய்க்கால் பாலம் தெரியுதுல்ல, அதுதான் எல்லை. மத்தவன் தாண்டுனா தண்டம் கட்டி மன்னிப்புக் கேட்டுக்கலாம். சாமியாடி தாண்டுனா ஆத்தாளை அத்துவிட்டுட்டுப் போனதா அர்த்தம். உரிமை அன்னைக்கோட அடுத்த பங்காளிக்குப் போயிரும். கல்வெட்டுல எழுதல, ஆனா எங்க பாட்டன் காலத்துலருந்து அதுதான் வழக்கம்.

காப்புக் கட்டி ரெண்டு நாள் ஜோராத்தான் இருந்தான். பல்லு பளபளன்னு இருக்கு, ஊரே பாக்குது. அப்புறம் வாய் தெறக்கிறது கொறைஞ்சுபோச்சு. சோறு வேணாம், கஞ்சி. அப்புறம் கஞ்சியும் வேணாம். பேச்சும் நின்னுருச்சு. ஊரு என்ன பேசுச்சு தெரியுமா? "இந்த வருசம் தவசி வெரதத்தைப் பாருங்கப்பா, பச்சைத்தண்ணி பல்லுல படல, மௌனம் வேற புடிக்கிறான்"னு. கோயில் கமிட்டித் தலைவரே வந்து எனக்குக் கை குடுத்துட்டுப் போனாரு. எனக்கு எப்படிப் பெருமை!

பஞ்சவர்ணம் மட்டும் என் பின்னாடியே வருவா. "மாமா, ஒடம்பு அனலாக் கொதிக்குது. மாமா, எச்சிலை முழுங்க முடியாம துண்டுல ஒழுக விடுறாரு." ஆத்தா எறங்குறதுக்கு முன்னாடி மேலு கொதிக்கத்தான் செய்யும்னேன். இருந்தாலும் நான் சும்மா இருக்கல. மஞ்சளும் வேப்பங்கொழுந்தும் அரைச்சுத் தாடையில பத்துப் போட்டேன். மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கிக் குடுத்தேன். ஒரு நாள் ஒதட்டைத் தூக்கிப் பாத்தேன், உள்ளருந்து ஒரு வாடை வந்துச்சு, பெருச்சாளி செத்த வாடை. சரி, கழட்டிருவோம்னு திருப்புளியை விட்டு ஓரமா நெம்புனேன். ரத்தம்தான் வந்துச்சு, பல்லு வரல. நான் ஒட்டுனா ஒட்டுனதுதான்.

பாத்தீங்களா, உள்ள சத்தம் நின்னுருச்சு.

தூங்கிட்டான்போல. காலையிலருந்து இப்பத்தான் கண்ணசர்றான், பாவம். எதுக்கு இப்படி முழிக்கிறீங்க? போய்ப் பாக்க வேணாம், எழுப்பிவிட்டா மறுபடி இழுக்க ஆரம்பிச்சுருவான். கரகம் வேற கீழத்தெரு மொனையிலயே நின்னுபோச்சு, வீட்டுக்கு வீடு மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க, நேரமாகும். தூங்கட்டும்.

அப்புறம் என்ன ஆச்சுன்னு மறுபடியும் கேக்குறீங்களே, சொல்றேன். நேத்துதான் குறி சொல்ற நாள். அதை நீங்க பாத்திருக்கணும் தம்பி.

இருங்க. அது என்ன, ஆம்புலன்ஸ் சத்தமா? பாலத்துப் பக்கம் கேக்குது. எவன் வீட்டுப் புள்ளையோ, தாறுமாறா வண்டி ஓட்டி விழுந்திருப்பான். ஆத்தா காப்பாத்தணும்.

நேத்து கொட்டு ஒசந்து, தவசி ஆடி வந்தான். ஆட்டம்னா அப்படி ஒரு ஆட்டம். ரெண்டு பேரு தாங்கிப் புடிச்சும் நிக்க முடியல. மைக்கைக் கையில குடுத்தாங்க. அந்தச் சிவனாண்டி கையைக் கட்டிக்கிட்டு முன்வரிசையில நிக்கிறான், எப்ப சிரிக்கலாம்னு. தவசி வாயைத் தெறக்கவே இல்ல. தொண்டைக்குள்ளருந்து ஒரு சத்தம், ம்ம்ம்னு, மைக்ல அது ஊரு பூராவும் கேக்குது. கண்ணு ரெண்டும் பிதுங்குது. எச்சில் செவப்பா நெஞ்சு வரைக்கும் ஒழுகுது. என்னைத் தேடி வந்தான். கூட்டத்துல என்னைத் தேடி வந்து, ரெண்டு கையாலயும் தாடையைக் காட்டிக் காட்டி என்னமோ கேட்டான். என் காலைப் புடிச்சுக்கிட்டான் தம்பி. சாமியாடி மனுசன் கால்ல விழுகலாமா? எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துருச்சு. நான் என்ன செய்ய, திருநீறை அள்ளி அவன் வாயில போட்டேன்.

பூசாரி சத்தம் போட்டாரு, "ஆத்தா கோவமா இருக்கா, ஊரோட பேச மாட்டேங்கிறா, கால்ல விழுங்கப்பா எல்லாரும்"னு. கூட்டம் பூராவும் தரையில விழுந்துச்சு. பொம்பளைக அலறுறாங்க. போன வருசம் சிரிச்ச பயலுக கன்னத்துல போட்டுக்கிட்டானுக. சிவனாண்டி விழுந்தான் தம்பி! புது வேட்டியோட மண்ணுல விழுந்தான்! என் ஆயுசுக்கும் அது போதும். பல்லு வாங்கிக் குடுத்தது வீண்போகலன்னு நெனைச்சேன்.

அதுல ஒரு சின்ன வருத்தம், அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, விடுங்க.

இன்னைக்குக் காலையில இந்தப் பஞ்சவர்ணம் யாரைக் கேட்டு நர்ஸம்மாவைக் கூட்டியாந்தாளோ தெரியல. கிராம நர்ஸு. தடுப்பூசி போடுற பொம்பளை, அது வேலையைப் பாத்துட்டுப் போக வேண்டியதுதான? வாயைத் தெறக்கச் சொல்லுச்சு, ஒரு வெரல் அகலம்கூடத் தெறக்கல. டார்ச் அடிச்சுப் பாத்துட்டு அது மொகமே மாறிப்போச்சு. "நாக்கு மேல தூக்கிக்கிட்டு இருக்கு, மூச்சுக்குழாயை அடைச்சுரும், இப்பவே தூக்குங்க"ன்னு கத்துது. சாயந்தரம் காப்பு அறுத்ததும் கெளம்பிருவோம்மா, கார் சொல்லிட்டேன்னேன். "சாயந்தரம் வரைக்கும் இருப்பாரான்னு யாரு சொன்னா உங்களுக்கு?"ன்னு கேக்குது. கையில கட்டியிருக்கேம்மா, ஆத்தா கயிறுன்னேன். "நான் ஆத்தாளா இருந்தா நானே அறுத்துவிட்டிருப்பேன்"னுச்சு. வாயைப் பாருங்க! சிவனாண்டி வாசல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருக்கான். அவன் முன்னாடி நான் என்ன பதில் சொல்ல முடியும்? "ஆத்தா புள்ளைய ஆத்தா பாத்துக்குவா, நீ போம்மா"ன்னு அனுப்பி வெச்சேன்.

பஞ்சவர்ணம் என்னைப் பாத்தா தம்பி. அழல. அப்ப அழல. ஒரு பார்வை பாத்துட்டு உள்ள போயிட்டா. அவளுக்கு எம்மேல கோவம் இருக்கும். இருக்கட்டும், நாளைக்கு அவன் நல்லபடியா வந்து உக்காந்ததும் அவளே வந்து எங்கிட்டப் பேசுவா. உரிமை யாருக்கு? அவ மகன் வளந்து வந்தா அவனுக்குத்தான வரப்போகுது. நான் என்ன எனக்கா கேக்குறேன்?

இந்தா, ஒரு மணி நேரத்துக்கு மேல இழுத்தடிச்சு இப்பத்தான் கொட்டு நெருங்கிருச்சு. கரகத்தை விட்டுட்டாங்கபோல. எந்திரிங்க தம்பி. பூசாரி வந்துட்டாரு, பின்னாடியே ஊரும் வருது. சிவனாண்டியும் வர்றான், வரட்டும், நல்லாப் பாக்கட்டும். ஏய் பஞ்சவர்ணம்! தவசியை வாசலுக்குக் கூட்டியா! பூசாரி வந்துட்டாரு! ஏ பஞ்சவர்ணம்! காது கேக்கல? இருங்க, நானே போய்த் தூக்கியாறேன்.

தம்பி.

தம்பி, உள்ள ஆள் இல்ல.

பாய் கெடக்கு, துண்டு கெடக்கு, ஆள் இல்ல. பின்கதவு தெறந்து கெடக்கு. தென்னந்தோப்பு வழியா மண்ணுல கால் இழுத்த தடம் போகுது பாலத்துப் பக்கம். நீங்க ஏதாவது பாத்தீங்களா? என்ன, தலையைக் குனியிறீங்க? என்னைப் பாருங்க. அந்த ஆம்புலன்ஸு... தண்ணி குடிக்கப் போனப்ப அந்த நர்ஸு அங்க நின்னுச்சா? பஞ்சவர்ணம் என்ன சொன்னா உங்ககிட்ட? என்னைப் பேச்சுல வெச்சுக்கச் சொன்னாளா? அதுக்குத்தான் நான் சொல்லச் சொல்ல அப்புறம் அப்புறம்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்களா? அடப்பாவி! வாடகைக்கு வந்த ஆளு, என் வாசல்ல உக்காந்துக்கிட்டே என் குடியைக் கெடுத்துட்டியேடா!

மெதுவா, மெதுவா. எல்லாரும் பாக்குறாங்க. பூசாரி, ஒண்ணுமில்ல, இப்பத்தான் கண்ணசந்தான், கொஞ்சம் பொறுங்க. என்ன சிவனாண்டி, எட்டி எட்டிப் பாக்குற? உள்ளதான் இருக்கான். பொம்பளை புழங்குற வீடு, அப்படி நில்லு.

என் போன்தான் அடிக்குது. பஞ்சவர்ணம் நம்பரு.

ஏ தாயி, என்ன காரியம் பண்ணிட்ட? காப்பு கையில இருக்கா? மொதல்ல அதைச் சொல்லு. யாரு? நர்ஸம்மாவா? காப்பு இருக்காம்மா? ஊசி போட அறுத்துட்டீங்களா. ஐயோ. அறுத்துட்டீங்களா.

என்ன? கழுத்துலயா? கழுத்துல ஓட்டை போட்டுத்தான் மூச்சு விடுறானா? உசுரு இருக்குல்ல? இருக்குல்லம்மா? இருக்கா. சரி. சரி.

எதை எடுக்கணும், பல்லையா? வரமாட்டேங்குதா? உள்ள சீழ் கட்டி, ரத்தத்துல கலந்துக்கிட்டு இருக்கா? டாக்டரு என்னைக் கேக்கச் சொன்னாரா. என்ன பசைன்னா? எந்தப் பசை? நீங்க என்ன சொல்றீங்கன்னே எனக்குப் புரியலையே. பசையெல்லாம் ஒண்ணும் வைக்கலையேம்மா, அது தானா உக்காந்துக்கிச்சு, ஆத்தா... இல்லம்மா, எனக்கென்ன தெரியும், இங்க கொட்டுச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, நான் வைக்கிறேன்.

ஏய், என்ன தம்பி, போனை ஏன் புடுங்குறீங்க? குடுங்க. குடுங்கங்கிறேன்ல! உங்ககிட்ட நம்பித்தான சொன்னேன்! சரி, சொல்லுங்க, சொல்லித் தொலைங்க, ஆனா காரு பக்கம் போய்ச் சொல்லுங்க. ரெண்டு ட்யூபு, மோட்டாருன்னெல்லாம் இப்படிக் கத்தாதீங்க தம்பி, சிவனாண்டி நிக்கிறான், அவன் காதுல விழுந்துரும்.